மருந்தின் நான்காம் கூறு

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருக்கிறேன். சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஊர் அது. பிறந்தது வந்தவாசிப் பக்கம். தமிழாசிரியர் பணி என்னைத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓய்வு பெற்ற பின்னும் அந்த ஊரை விட்டு வர மனம் வரவில்லை. எங்கள் தெருவில் நம்மவர் வீடு வேறொன்றும் இல்லை. ஆயினும் நான் தனியாக இருப்பதாக எண்ணியதில்லை. சங்கரன்கோவில் வழியாகப் பேருந்தில் சென்றால் கழுகுமலை வந்துவிடும். அம்மலைப் பாறையில் வரிசை வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், அவற்றின் அடியில் வட்டெழுத்தில் பொறித்த பெயர்களையும் பார்த்துக்கொண்டே நின்றால் ஆயிரம் ஆண்டுத் தனிமையும் தீர்ந்துபோகும்.

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'ஔடத தானம்'. இல்லறத்தார் செய்யத்தக்கவையாக நம் முன்னோர் வகுத்த தானங்கள் நான்கு: ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம். இவற்றுள் ஔடத தானத்தையும் சாத்திர தானத்தையும் வெவ்வேறாக எண்ணியே நாம் பழகிவிட்டோம். ஒன்றுக்காக மருத்துவ முகாம் நடத்துகிறோம். மற்றொன்றுக்காக நூல் அச்சிடுகிறோம், மாணவர்க்கு உதவித்தொகை தருகிறோம். இவ்விரண்டும் கலந்து ஒன்றாகும் இடம் ஒன்று உண்டு. நோய் தீர்க்கும் அறிவை, நோயாளியின் ஊரிலேயே வாழும் ஒருவருக்குக் கற்பித்துவிட்டு வருவதுதான் அது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தமிழாசிரியன் எதைப் பேசினாலும் திருக்குறளைத் தொடாமல் இருக்க மாட்டான். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நான்காவது கூறு யார்? அவனை 'உழைச்செல்வான்' என்கிறார் வள்ளுவர். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து, வேளை தவறாமல் மருந்தைத் தந்து, ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்து, மருத்துவனுக்குச் சொல்லுபவன் அவன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குறளை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நான்கு கூறுகளையும் எழுதச் சொல்லி மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த நான்காம் கூறு இல்லாவிட்டால் மற்ற மூன்றும் என்னவாகும் என்பதை எனக்குக் கற்பித்தவர் எழுத்தறியாத ஒரு முதியவர்.

நான் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் நடந்தது அது. ஆசிரியர் சிலரும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் சேர்ந்து எங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம் நடத்தினோம். நகரத்திலிருந்து மருத்துவர்கள் கட்டணம் ஏதும் பெறாமல் வந்தார்கள். பந்தல் போட்டோம், ஒலிபெருக்கி கட்டினோம், வந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாதம் கொடுத்தோம். மாலையில் பதிவேட்டை எண்ணிப் பார்த்து, இத்தனை பேருக்குப் பார்த்தோம் என்று மகிழ்ந்து, மருத்துவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தோம். அந்த முகாமின் கணக்கை எழுதியவன் நான்தான்.

அன்று வந்தவர்களுள் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும் இருந்தார். புளியங்குடிப் பக்கத்தில் ஓர் எலுமிச்சைத் தோட்டத்துக் காவலாளி. அவருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்து வந்தவர். சோதித்தபோது இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. மருத்துவர் ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, "பி.பி. இருக்கு. தொடர்ந்து போடணும்" என்றார். பின்னால் நூறு பேர் நின்றுகொண்டிருந்தனர். அதற்கு மேல் சொல்ல அவருக்கு நேரமில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெரியவர் என்னை வழியில் நிறுத்தி, "சார்வாள், அந்த மாத்திரை தீந்து போச்சு. அடுத்த முகாம் எப்போ?" என்று கேட்டார். "அடுத்த வருஷம்தான் பெரியவரே" என்றேன். "சரி, அப்ப வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பள்ளிக்குப் போய்விட்டேன்.

அடுத்த முகாமுக்கு அவர் வரவில்லை. அதற்குள் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். வலக்கையும் பேச்சும் போயின. நான் பார்க்கப் போனபோது இடக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். எதையோ சொல்ல முயன்றார், விளங்கவில்லை.

யாரைக் குறை சொல்வது? மருத்துவர் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தார். இலவசமாகப் பார்க்க அரசு மருத்துவமனையும் இருந்தது. ஆனால் வலி ஒன்றும் இல்லாத நோய்க்கு ஒரு நாள் கூலியை இழந்து எவர் போவார்? 'தொடர்ந்து' என்ற சொல்லுக்குச் 'சாகும்வரை' என்று பொருள் என அவருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? முகாமில் நோயாளி இருந்தார், மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. உழைச்செல்வான் இல்லை. முகாம் முடிந்தது, பந்தலைப் பிரித்தோம், மாத்திரையும் தீர்ந்தது. நான்கு கூறில் மூன்றைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டோம். இதுதான் உண்மை. பதிவேட்டில் அவர் பெயரும் ஒரு எண்ணாக இருந்தது. அந்த எண்ணையும் கூட்டித்தான் நான் மகிழ்ந்தேன்.

இந்த உறுத்தலோடு நான் சில வரலாறுகளைத் தேடிப் படித்தேன். தொலைவிலிருந்து ஒரு மருத்துவர் வருகிறார். ஒரு நாள் திரும்பிப் போகிறார். அவர் போன பின் ஊரில் என்ன எஞ்சியது? இந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்லக்கூடிய சிலரை உங்கள் முன் வைக்கிறேன். அவர்களுள் முதல்வர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய சாமுவேல் கிறீன்.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல், இருபத்தைந்தாம் அகவையில், அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அவர் வந்தது அவருடைய சமயத்தைப் பரப்பும் ஓர் அமைப்பின் வாயிலாக. அதை மறைக்க வேண்டியதில்லை. நான் இங்குப் பேசுவது அவர் கற்பித்த முறையைப் பற்றி. மானிப்பாயில் மருத்துவமனை அமைத்த அவர், வந்த மறு ஆண்டே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். தாம் ஒருவர் எத்தனை நோயாளியைப் பார்த்துவிட முடியும் என்ற கணக்கு அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். இடையில் 1857இல் தாய்நாடு சென்று, 1862இல் மீண்டும் வந்தார். அதன் பின் ஒரு பெரிய முடிவை எடுத்தார். 1864 முதல் மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழில் நடத்துவது என்பதே அந்த முடிவு. ஏன்? ஆங்கிலத்தில் கற்றவர் அரசு வேலையையும் நகரத்தையும் நாடிச் செல்வர். தமிழில் கற்றவர் தம் மக்களிடையே கிராமத்தில் தங்குவர் என்று அவர் கருதினார். எந்த மொழியில் கற்பிக்கிறோம் என்பது, கற்றவன் எங்கே வாழ்வான் என்பதையும் தீர்மானிக்கிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் வேற்று நாட்டவர் ஒருவர் இதைக் கண்டுகொண்டார்.

முடிவெடுப்பது எளிது. பாடநூலுக்கு எங்கே போவது? உடற்கூறும் அறுவை மருத்துவமும் கற்பிக்க அன்று தமிழில் நவீன நூல் கிடையாது. கிறீனே தமிழ் கற்றார். தம் மாணாக்கரையும் உடன் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' எனத் தொடர்ந்து நூல்கள் வெளிவந்தன. இரணவைத்தியம் என்பது அறுவை மருத்துவம். அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியல். கெமிஸ்தம் என்பது வேதியியல். இவ்வாறு ஏறத்தாழ 4000 பக்கங்கள் தமிழுக்கு வந்தன.

கலைச்சொல் ஆக்குவதில் அவர் கொண்ட முறை எளிமையானது. தமிழில் சொல் இருந்தால் அதைக் கொள்வது. இல்லையேல் வடசொல்லை நாடுவது. அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலியில் எழுதிக்கொள்வது. இன்று அச்சொற்களுள் சில நமக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் மாணவனுக்குப் புரிய வேண்டும், அவன் மூலம் நோயாளிக்கும் புரிய வேண்டும் என்ற ஒரே நோக்கம் அவற்றில் உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவருக்கு 'பி.பி. இருக்கு' என்று சொன்னதையும் இதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

1873இல் கிறீன் நிரந்தரமாகத் தாய்நாடு திரும்பினார். அதுவரை அவர் உருவாக்கிய மருத்துவர் 60 பேருக்கு மேல். அவர்களுள் 33 பேர் தமிழில் கற்றவர்கள். கடல் கடந்து போன பின்னும் 1884இல் மறையும் வரை தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் விடவில்லை. மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் போனார், பந்தலைப் பிரித்துக்கொண்டு போகவில்லை. மருத்துவர்களையும் மருத்துவ நூல்களையும் விட்டுவிட்டுப் போனார்.

யாழ்ப்பாணத்திலிருந்து நம் பகுதிக்கு வருவோம். உங்களில் பலருக்குத் திண்டிவனம் சொந்த ஊர் அல்லது பக்கத்து ஊர். கிறீனுக்கும் முன்பே யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி செய்த அமெரிக்கர் ஜான் ஸ்கடர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். படிப்புக்காக அமெரிக்கா சென்றவர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். மூன்று வீட்டிலும் பிள்ளைப்பேற்றில் பெண்கள் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். அவர் வருவதாகச் சொன்னார். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட அவர்களுக்கு மனம் இல்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

அந்த இரவு அவரை மருத்துவராக்கியது. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பி, வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். இந்தக் கதையை நாம் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் அதன் பின்பாதிதான் எனக்கு முக்கியம். தாம் ஒருவர் மருத்துவரானால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. திண்டிவனத்தில் மூன்று வீட்டுக்கு ஒரே இரவில் ஆள் தேவைப்பட்டதே! ஒரு மருத்துவச்சி எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? எனவே 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு நம் வீட்டுப் பெண்களே மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதே அவர் கண்ட விடை.

இவை பழைய கதைகள், இன்று மருத்துவக் கல்லூரிகள் பெருகிவிட்டனவே என்று நீங்கள் எண்ணக்கூடும். தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. பழங்குடி மக்கள் வாழும் பகுதி. கேரளத்தில் மருத்துவம் பயின்ற ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் 1993இல் அங்கே குடியேறி, ஒரு கூரைக் குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினர். அக்காலத்தில் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு ஏறத்தாழ 50 கி.மீ. போக வேண்டும்.

அவர்கள் செய்த முதல் நல்ல காரியம், அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களையே சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அவர்களுள் இருந்தனர். காய்ச்சலை அளப்பது, கருவுற்ற பெண்ணைச் சோதிப்பது, பிள்ளைப்பேறு பார்ப்பது, அறுவை அரங்கில் துணை நிற்பது என ஒவ்வொன்றாகக் கற்றனர். கிராமம்தோறும் மூத்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, பச்சிளங்குழந்தையின் எடை, தாயின் உணவு, வயிற்றுப்போக்கு முதலானவற்றைக் கவனிக்கவும் பழக்கினர். குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. வெளியூர்ச் செவிலியர் மலைக்கு வந்தால் மாற்றல் கேட்டுப் போய்விடுவர். மலையிலேயே பிறந்தவளுக்கு மாற்றல் எங்கே?

நம் சமயத்தோடு தொடர்புடைய சான்று ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஜெய்ப்பூர்க் கால் என்பதை அறியாதவர் இரார். 1960களின் பிற்பகுதியில் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது அது. மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குக் காலணி வேண்டும், அதை அணிந்து சம்மணமிட முடியாது, குந்த முடியாது, வயலில் இறங்க முடியாது. ஜெய்ப்பூர்க் காலோ ரப்பரால் ஆன பாதம் கொண்டது. வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம். பெரிய தொழிற்சாலை வேண்டா. தேர்ந்த கைவினைஞரே செய்துவிடலாம்.

1975இல் டி. ஆர். மேத்தா அவர்கள், மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டையொட்டி, பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதியைத் தொடங்கினார். கால் இழந்தோர்க்குக் கட்டணமின்றிக் கால் தரும் அமைப்பு அது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் பல நாடுகளில் அதன் குழுவினர் முகாம் நடத்தியிருக்கின்றனர். ஆனால் செயற்கைக் கால் ஒரு நாளோடு முடிகிற பொருள் அன்று. சில ஆண்டில் தேயும். வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்காண்டு அளவு மாறும். விமானத்தில் வந்தவர் போய்விட்டால் அதை யார் மாற்றித் தருவார்? எனவேதான் உள்ளூர்க் கைவினைஞரைப் பயிற்றுவிப்பது அப்பணியில் இன்றியமையாதது ஆயிற்று.

இதற்கு மிகச் சிறந்த இடமாக நான் கருதுவது மீண்டும் யாழ்ப்பாணமே. கண்ணிவெடியிலும் குண்டுவீச்சிலும் கால் இழந்தோர் பெருகிய நாளில், 1987இல், யாழ்ப்பாணத்தில் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் தோன்றியது. போர் நடந்த காலத்தில் வெளியிலிருந்து எந்தக் குழுவும் நினைத்தபோது உள்ளே வந்துவிட முடியாது. சாலை மூடியிருக்கும், பொருள் வராது. அப்படிப்பட்ட நாளில் உதவக்கூடியது, அந்த ஊரிலேயே இருந்த கைகளில் இருந்த தொழிலறிவு ஒன்றுதான். கிறீன் கற்பித்த மண்ணில், நூறு ஆண்டு கழித்து, ஜெய்ப்பூர்க் கைவினைஞர் கண்ட கலை வேரூன்றியது.

பெருமக்களே, இந்நால்வகைச் சான்றுகளிலும் ஒரே செய்திதான் உள்ளது. மருத்துவர் வெளியிலிருந்து வரலாம். மருந்தும் வெளியிலிருந்து வரலாம். உழைச்செல்வான் மட்டும் வெளியிலிருந்து வர முடியாது. நோயாளியின் தெருவிலேயே அவர் இருக்க வேண்டும். நோயாளியின் மொழியையே அவர் பேச வேண்டும். அவரை உருவாக்குவதற்கே வெளியிலிருந்து வருபவர் தம் நேரத்தில் பாதியைச் செலவிட வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரைகுறைக் கல்வி ஆபத்தானது. பயிற்சி பெற்ற ஒருவர் தம்மையே மருத்துவராக எண்ணி ஊசி போடத் தொடங்கினால் அது தானம் அன்று, தீங்கு. நல்ல பயிற்சி இரண்டு பாதி உடையது. எதைச் செய்ய வேண்டும் என்பது முதற்பாதி. எதைச் செய்யக் கூடாது, எந்த நேரத்தில் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இரண்டாம் பாதி. அகிம்சையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு இந்த இரண்டாம் பாதியின் அருமை நன்கு விளங்கும்.

மேலும், மருத்துவத்தையும் கல்வியையும் சேர்த்து எண்ணுவது நமக்குப் புதிதன்று. 'சிறுபஞ்சமூலம்' இயற்றிய காரியாசானும் 'ஏலாதி' இயற்றிய கணிமேதாவியாரும் சைனப் புலவர்கள். இருவரும் மாக்காயனார் என்னும் ஓர் ஆசிரியரிடம் பயின்ற ஒருசாலை மாணாக்கர் என்பர். கண்டங்கத்திரி, நெருஞ்சி முதலிய ஐந்து வேர்களின் பெயரில் ஒருவர் நூல் செய்தார்; ஏலம் முதலாகச் சுக்கு ஈறாக ஆறு மருந்துப் பொருளின் பெயரில் மற்றவர் செய்தார். உடல் நோய்க்கு மருந்தும் உள்ளத்தின் நோய்க்கு நூலும் ஒரே பெயரால் வழங்கின. ஔடத தானமும் சாத்திர தானமும் அங்கே கைகோத்து நிற்கின்றன.

இனி நம் அறக்கட்டளையிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நாம் நடத்தும் மருத்துவ முகாமை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டில் வந்தவர் எண்ணிக்கையை எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதி வைப்போம். இன்று கண்டுபிடித்த நோயை அடுத்த மாதம் யார் பார்ப்பார்? நோயாளிக்குச் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று யார் கேட்டறிந்தார்? வந்த மருத்துவர்கள் இந்த ஊரில் யாருக்கு, எதைக் கற்பித்துவிட்டுப் போகிறார்கள்?

மூன்றாம் கேள்விக்கு விடை இருக்க வேண்டுமானால், முகாமுக்கு முதல் நாளே மருத்துவக் குழு வர வேண்டும். அந்தந்த ஊரில் விருப்பமுள்ள இரண்டு பெண்களை, ஓரளவு படித்திருந்தால் போதும், முன்னரே தேர்ந்தெடுக்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கவும், சர்க்கரை பார்க்கவும், மாத்திரை அட்டையைச் சரிபார்க்கவும், ஆபத்தின் அறிகுறிகளை அறியவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஒரு நாளில் முடியாது. ஆண்டில் நான்கு முறை குழு வர வேண்டும். அவர்களை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்துவிட வேண்டும். பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் இதைத் தொடங்கிவிடலாம். செவிலியர் படிப்புக்குச் செல்ல விரும்பும் நம் பெண்பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருவதும் இந்த அறத்தின் ஒரு கிளையே.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர்க்கு எங்கள் தெருவில் நடப்பதைச் சொல்லி முடிக்கிறேன். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வாசலிலேயே சோதனை செய்து, மருந்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் தெருவுக்கு வருகிற பெண் என் பழைய மாணவி. புணர்ச்சி விதி அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை; நானும் அவளைப் பலமுறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். இப்போது அவள் என்னை உட்கார வைக்கிறாள். கையில் பட்டையைச் சுற்றி, கருவியைப் பார்த்து, "சார், போன தடவைய விட ஏறியிருக்கு. ஊறுகாய விடச் சொன்னேம்லா? மாத்திரை அட்டைய எடுத்துட்டு வாங்க, எண்ணிப் பாப்போம்" என்கிறாள். அட்டையில் இரண்டு மாத்திரை கூடுதலாக இருந்தால் என்னால் பொய் சொல்ல முடியாது. ஒரு நாள் அவளிடம் அந்தக் காவலாளிப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப யாரும் வந்து பாக்கலையா சார்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நான் இருந்தேன், நாளும் அவர் வீட்டு வழியாகத்தான் பள்ளிக்குப் போனேன். அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. கற்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

கழுகுமலைப் பாறையில் திருவுருவங்களின் அடியில் உள்ள பெயர்களைச் சொன்னேன் அல்லவா? அங்கே குரவர், குரத்தியர் என்னும் ஆசிரியர் பெயர்கள் உண்டு. பெண்பால் ஆசிரியர் பலர். அப்பெயர்களோடு மாணாக்கர் பெயர்களும் சேர்ந்தே நிற்கும். மாணாக்கர் பெயரோடு நிற்பதே ஆசிரியர்க்குச் சிறப்பு என்று அக்காலத்தார் கருதினர் போலும். நம் அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு மலரில், முகாமுக்கு வந்த மருத்துவர்களின் பெயர்களை அச்சிடும்போது, அவர்களிடம் கற்றுக்கொண்டு ஊரில் தங்கிய இரண்டு பெண்களின் பெயர்களையும் அருகில் அச்சிட வேண்டும். அந்த இரண்டு பெயர்கள் இருந்தால், அவ்வாண்டு நாம் செய்தது முழுமையான ஔடத தானம்.